எரிவாயுக் கிணறும் குடிநீர்க் கிணறும்



 உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் நமது மருத்துவமனையின் கிராம சுகாதார ஊழியம் தடையின்றி நடந்துவருகிறது. வழக்கமாக இந்தப் பக்கத்தில் சுகம் பெற்றவர்களின் சாட்சிகளை எழுதுவோம். இந்த முறை உங்களில் பலர் கடிதத்திலும் நேரிலும் கேட்டுவருகிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம்.

காவிரிக் கடைமடைக் கிராமங்களிலிருந்து வருகிற தாய்மார் சிலர், மருந்துச் சீட்டோடு ஒரு பாட்டில் தண்ணீரையும் பையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். "இது எங்க ஊர் போர் தண்ணிங்க. பக்கத்துல கேஸ் எடுக்கிறாங்க. புள்ளைங்களுக்கு இதத்தான் குடுக்கிறோம். குடுக்கலாமா டாக்டரம்மா?" என்பதே கேள்வி. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல யாராலும் முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் பாதிப் பதில்தான் கிடைக்கும். மீதிப் பாதி ஏன் கிடைப்பதில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துப்போகிறோம். இதே கேள்வியோடு ஒரு சிறிய கிராமம் அங்கே பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தது.

டிமாக் என்ற ஊர்

பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், சஸ்குவெஹன்னா மாவட்டத்தில் டிமாக் என்ற ஊர் இருக்கிறது. சிறிய இடம். பால் மாடுகள், மலைச்சரிவு, பண்ணை வீடுகள். நகராட்சிக் குழாய் கிடையாது, வீட்டுக்கு வீடு கிணறுதான். அந்த நிலத்துக்கு ஒரு மைலுக்கும் கீழே மார்செல்லஸ் என்று பெயரிட்ட களிப்பாறை அடுக்கில் எரிவாயு அடைந்து கிடக்கிறது. 2006ஆம் ஆண்டு வாக்கில் கேபட் என்ற நிறுவனத்தின் முகவர்கள் வீடு வீடாக வந்து நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டார்கள். ஏக்கருக்கு 25 டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. விவசாயம் நொடித்திருந்த ஊர் அது. நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு நாளன்று, ஒரு வீட்டுக் கிணற்றின் கனத்த சிமெண்டு மூடி வெடித்துச் சிதறியது. கிணற்றுக்குள் எரிவாயு தேங்கியிருந்தது. மோட்டாரின் தீப்பொறி பட்டுப் பற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டது. தேவ கிருபையால் அருகில் யாரும் இல்லை. மாநிலச் சுற்றுச்சூழல் துறை வந்து சோதித்தது. சரியாகச் சிமெண்டு பூசப்படாத எரிவாயுக் கிணறுகளின் வழியே வாயு மேலேறி, 19 வீடுகளுக்குத் தண்ணீர் தந்த 18 கிணறுகளில் கலந்துவிட்டது என்று முடிவு செய்தது. 2010 ஏப்ரலில் ஊரைச் சுற்றி 9 சதுர மைலுக்குள் புதிதாகத் துளையிடக் கூடாது என்று தடை போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் அந்த வீட்டாருக்கு 41 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2011 நவம்பர் வரை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். பிறகு மாநிலத்தின் அனுமதியோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

பூமிக்குள் நடப்பது என்ன

எரிவாயுக் கிணறு நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றைப் போலத்தான் தொடங்குகிறது. மேலே குடிநீர் ஊறுகிற மணலும் பாறையும் இருக்கின்றன. அவற்றைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போகவேண்டும். போகிற வழியில் குடிநீர் கெடாதிருக்க, துளைக்குள் இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் சிமெண்டுக் கரைசலை ஏற்றி இறுக விடுகிறார்கள். குடிநீருக்கும் வாயுவுக்கும் நடுவே இருக்கிற முக்கியமான காவல் அந்தச் சிமெண்டு வளையம். சில அங்குல கனமே உள்ளது. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் இருப்பது.

மொட்டை மாடியிலிருந்து குழாய் இறங்குகிற துளையைக் கொத்தனார் சரியாக அடைக்காவிட்டால் என்ன ஆகும்? மழைத்தண்ணீர் குழாயை ஒட்டியே இறங்கிச் சுவரை நனைத்துவிடும். இங்கே அதே கதை தலைகீழாக நடக்கிறது. சிமெண்டில் சந்து விழுந்தால், அழுத்தத்தில் இருக்கும் வாயு குழாயை ஒட்டியே மேலே ஏறிக் குடிநீர்ப் பாறைக்குள் புகுந்துவிடுகிறது.

மீத்தேன் என்ற இந்த வாயுவைக் குடித்தால் விஷம் என்று சொல்லமுடியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தண்ணீரை இறைக்கும்போது சோடாவைப் போல நுரைத்துக்கொண்டு வெளியேறும். மூடிய அறையில் காற்றோடு 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அமெரிக்க உள்துறையின் வழிகாட்டுதலில், ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லிகிராமுக்கு மேல் மீத்தேன் இருந்தால் எச்சரிக்கை, 28 மில்லிகிராமைத் தாண்டினால் உடனே நடவடிக்கை என்று இருக்கிறது. வேறொரு தொல்லையும் உண்டு. மீத்தேனை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும்போது, பாறையில் ஒட்டியிருந்த இரும்பும் மாங்கனீசும் கரைந்து தண்ணீர் கலங்கிப் போகலாம்.

மார்செல்லஸ் போன்ற இறுகிய பாறையிலிருந்து வாயு தானாக வெளிவராது. அதனால் ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை மணலோடும் ரசாயனங்களோடும் கலந்து, பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையை விரிசலாக்குகிறார்கள். ஃபிராக்கிங் என்று பத்திரிகைகளில் வருவது இதுதான். செய்து முடித்தபின் வாயுவோடு கூட, கடல் நீரைவிடப் பல மடங்கு கரிக்கும் உப்புநீரும் மேலே வருகிறது. பேரியம், ஸ்ட்ரான்ஷியம், ரேடியம் எல்லாம் அதில் கரைந்திருக்கும். அதை எங்கே வைக்கிறார்கள், எதில் ஏற்றிப்போகிறார்கள், குழாயில் ஓட்டை உண்டா என்பதைப் பொறுத்துத்தான் ஊரின் தண்ணீர். டிமாக்கில் 2009 செப்டம்பரில் மட்டும் ஒரே இடத்தில் சில நாட்களுக்குள் சுமார் 8,000 கேலன், அதாவது 30,000 லிட்டர் ரசாயனக் கலவை தரையில் கொட்டிவிட்டது.

வேதத்தில் எரிகோ ஊரார் தங்கள் தண்ணீர் கெட்டது என்று எலிசாவிடம் வந்து முறையிட்ட வரலாறு உங்களுக்குத் தெரியும். தீர்க்கதரிசி வீட்டுக் குடங்களைத் தேடிப் போகவில்லை. ஊற்று புறப்படும் இடத்துக்கே போனார். விஞ்ஞானிகளும் அப்படித்தான் செய்யப் பார்த்தார்கள்.

எந்த வாயு இது?

மீத்தேன் இரண்டு வழியில் உண்டாகிறது. சேற்றில் இலைதழை அழுகும்போது உண்டாவது ஒன்று. நாற்று நடும்போது கால் பட்டால் சேற்றிலிருந்து குமிழி கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதில் இதுவும் இருக்கிறது. பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டு வெப்பத்தில் வெந்து உண்டாவது மற்றொன்று. ஆழத்து வாயுவில் ஈத்தேன் போன்ற கூட்டாளிகள் இருக்கும், சேற்று வாயுவில் அவை அநேகமாக இராது. கரி அணுக்களின் வகையிலும் வித்தியாசம் தெரியும். கைரேகை மாதிரி.

இதைக்கொண்டு டியூக் பல்கலைக்கழகத்தார் 2011இல் வடகிழக்குப் பென்சில்வேனியாவிலும் பக்கத்து நியூயார்க் பகுதியிலும் 60 குடிநீர்க் கிணறுகளைச் சோதித்தார்கள். 51 கிணறுகளில் மீத்தேன் இருந்தது. எரிவாயுக் கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தவற்றில் சராசரியாக 17 மடங்கு அதிகம். 2013இல் 141 கிணறுகளைச் சோதித்தபோதும் அருகிலுள்ளவற்றில் 6 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஆனால் 2011 ஆய்விலேயே இன்னொன்றும் எழுதினார்கள்: விரிசலாக்கப் பயன்படுத்தும் ரசாயனமோ ஆழத்து உப்புநீரோ அந்தக் கிணறுகளில் கலந்ததற்கு அடையாளம் இல்லை. 2014இல் அவர்களும் வேறு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு, குற்றம் ஒரு மைல் ஆழத்து விரிசலில் அல்ல, குழாயிலும் சிமெண்டிலும்தான் என்ற பக்கமே சாய்ந்தது. ஒரு தரப்பாருக்கு இது ஏமாற்றமாக இருந்திருக்கலாம். எங்களுக்கு இது நம்பிக்கை தருகிற செய்தியாகவே படுகிறது. சிமெண்டைச் சரியாகப் போட மனிதனால் முடியுமே.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கேபட் நிறுவனத்தாரும் அவர்களோடு சேர்ந்த ஆய்வாளர்களும் அதே மாவட்டத்தில் 1,701 கிணறுகளின் சோதனை விவரத்தை 2013இல் வெளியிட்டார்கள். பத்தில் ஏறக்குறைய எட்டுக் கிணறுகளில் முன்பே மீத்தேன் இருந்தது என்றும், பள்ளத்தாக்குக் கிணறுகளில் அது கூடுதல் என்றும் காட்டினார்கள். இதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. கொலராடோ மாநிலத்தில் குழாய்த் தண்ணீர் தீப்பற்றி எரிவதை 2010இல் வந்த ஒரு படத்தில் காட்டினார்கள், உலகமெங்கும் பார்த்தார்கள். அதில் வந்த ஒரு வீட்டின் வாயு, அழுகலால் உண்டான இயற்கை வாயுவே என்று அந்த மாநில அதிகாரிகள் சோதித்துச் சொன்னார்கள். தீ எரிந்தது உண்மைதான். அது எங்கிருந்து வந்தது என்பதைத் தீ சொல்லாது.

ஆக, கேள்வி இங்கே வந்து நிற்கிறது. இந்த வீட்டுக் கிணற்றில், இந்த எரிவாயுக் கிணறு தோண்டுவதற்கு முன் என்ன இருந்தது? டிமாக்கில் வழக்காடிய குடும்பங்களிடம் அதற்குப் போதிய காகிதம் இல்லை. தண்ணீர் நன்றாக இருந்த நாளில் அதைக் கொண்டுபோய்ச் சோதிக்க யாருக்குத் தோன்றும்? 2012இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை 64 வீடுகளின் தண்ணீரைச் சோதித்தது. ஐந்து வீடுகளில் மட்டும் கவலைப்படத்தக்க அளவு பொருட்கள் உண்டு, அவற்றையும் வடிகட்டலாம் என்று சொல்லி முடித்துக்கொண்டது. அதே மாதிரிகளின் கணக்கை வைத்து 2016இல் இன்னொரு மத்திய சுகாதார முகமை வேறு விதமாக எழுதியது: 27 கிணறுகளில் உடல்நலத்தைப் பாதிக்கத்தக்க அளவு பொருட்கள் இருந்தன, 17 கிணறுகளில் தீப்பிடிக்கும் அளவு மீத்தேன் இருந்தது. ஒரே தண்ணீர், இரண்டு தீர்ப்பு. அந்த ஆண்டே நீதிமன்றத்தில் நடுவர் குழு இரண்டு குடும்பங்களுக்கு 42 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. மறு ஆண்டு நீதிபதி சாட்சியம் போதாது என்று அதைத் தள்ளினார். பிறகு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

2020இல் மாநிலம் குற்ற வழக்குத் தொடர்ந்தது. 2022 நவம்பரில், கேபட்டின் வழிவந்த கோடெரா நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் ஏற்றது. ஊருக்குப் பொதுக்குழாய் போட 1 கோடியே 62 லட்சம் டாலருக்கு மேல் தரவும், அந்த வீடுகளின் தண்ணீர்க் கட்டணத்தை 75 ஆண்டுகளுக்குக் கட்டவும் ஒப்புக்கொண்டது. கிணற்று மூடி வெடித்ததிலிருந்து எண்ணிப்பாருங்கள்.

பென்சில்வேனியா மாநிலம் இதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொண்டது. 2012இல் வந்த சட்டப்படி, இத்தகைய எரிவாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால், கெடுத்தது நிறுவனமே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அல்ல என்று காட்டுவது நிறுவனத்தின் பாடு. அதனால் துளையிடுமுன் ஊர்க் கிணறுகளை எல்லாம் சோதித்துவைக்க நிறுவனங்களே ஓடுகின்றன. அந்தச் சட்டத்தின் மற்றப் பிரிவுகளைப் பற்றி எத்தனையோ சண்டை உண்டு. இந்த ஒரு பிரிவு நல்ல யோசனை என்று நினைக்கிறோம்.

மருத்துவர்கள் என்ற முறையில் நாங்கள் கவனித்த ஆய்வு வேறொன்று. அதே மாநிலத்தில் 2004 முதல் 2013 வரை பிறந்த 11 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். ஃபிராக்கிங் செய்த கிணற்றுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அந்த வித்தியாசம் இல்லை. காரணம் தண்ணீரா, காற்றா, லாரிப் புகையா என்று அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. பிரசவ வார்டில் எடை குறைந்த சிசுக்களைக் கையில் ஏந்துகிற எங்கள் செவிலியர் இதைப் படித்தபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள்.

நம் கடைமடை

டெல்டாவின் கதை டிமாக்கின் கதை அல்ல. இங்கே 1960களிலிருந்து ஓ.என்.ஜி.சி. துளையிட்டுவருகிறது. இங்கே கிடைப்பது பெரும்பாலும் மணற்பாறையில் தங்கிய வாயு, அது தன் அழுத்தத்திலேயே மேலே வரும். நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010இல் மன்னார்குடிப் பகுதியில் திட்டமிட்டது வேறு வகை. அதற்கு முதலில் நிலக்கரியிலுள்ள நீரை எல்லாம் இறைத்து வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீர் இறங்கிவிடும், உப்புநீர் வயலுக்கு வரும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஐயா 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் இந்தப் பிரசாரத்தில் இருந்தபோதுதான் காலமானார். 2015இல் மாநில அரசு அந்தத் திட்டத்தை விலக்கியது. 2017இல் நெடுவாசலில் போராட்டம் நடந்தது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. ஊர்த் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது என்று மக்கள் முறையிட்டார்கள், நிறுவனம் மறுத்தது. இங்கேயும் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் முந்தைய கணக்கு ஒன்று கையில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்!

2020 பிப்ரவரியில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்குத் தடை. ஏற்கெனவே இருந்தவற்றை அது தொடவில்லை. பழைய கிணறுகளும் மண்ணுக்குள் ஓடும் குழாய்களும் அங்கேயே இருக்கின்றன. இரும்பு துருப்பிடிக்கும், சிமெண்டும் வயதாகும்.

அதே சமயம் எல்லாப் பழியையும் வாயுவின்மேல் போடுவதும் நேர்மையாகாது. கடைமடையில் தண்ணீர் கரிப்பதற்குக் கடல் போதும். காவிரியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் போரை ஆழமாக இறக்கி இறைத்தோம், கடல்நீர் உள்ளே வந்தது. 2004 சுனாமி உப்பைக் கரைமேல் கொட்டிவிட்டுப் போனது. இறால் பண்ணைகளும் உண்டு. கழிவறைக் குழி அருகில் போர் போட்டிருந்தால் வயிற்றுப்போக்குக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிற வயிற்று நோய்களில் பெரும்பாலானவை கிருமியால் வருபவை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் உப்பு, ஆர்செனிக், பேரியம் எதுவும் கொதிக்கவைப்பதால் போகாது. நீர் வற்றுவதால் சற்றுக் கூடவே செய்யும். கிணற்றுத் தண்ணீர் நுரைத்து வந்தால் மோட்டார் அறையின் ஜன்னலைத் திறந்துவையுங்கள், உள்ளே தீக்குச்சி கிழிக்க வேண்டாம்.

இப்போது அந்தத் தாயாரின் பாட்டிலுக்கு வருகிறோம். சோடா பாட்டிலில் பிடித்து, பேருந்தில் குலுங்கி வந்த தண்ணீரில் மீத்தேன் நிற்காது, பறந்துபோயிருக்கும். அதற்குக் காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் குளிரில் வைத்து அனுப்பவேண்டும், அது சிறப்பு ஆய்வுக்கூட வேலை. ஆனால் மொத்தக் கரைபொருள், குளோரைடு, இரும்பு போன்றவற்றைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்திலேயே கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். நம் நாட்டுத் தர அளவின்படி லிட்டருக்குக் கரைபொருள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குளோரைடுக்கு 250, 1,000. பேரியம் 0.7, ஆர்செனிக் 0.01. வாயுக் கிணற்றுக்கோ குழாய்க்கோ அருகில் உள்ள ஊர்களில் பேரியத்தையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். கடல் நீரில் பேரியம் மிகக் குறைவு. ஆகையால் குளோரைடும் பேரியமும் சேர்ந்து ஏறினால் மேற்கொண்டு விசாரிக்கக் காரணம் உண்டு.

நமது சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஞானஸ்நானப் பதிவேட்டையும் கலியாணப் பதிவேட்டையும் இரும்புப் பெட்டியில் வைத்து நூறு ஆண்டுகளாகக் காத்துவருகிறோம். அதே பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் கூட இருக்கட்டும். கோயில் கிணறு, பள்ளிக்கூடத்துப் போர், ஊர்ப் பொதுக்குழாய் இவற்றின் தண்ணீரைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை சோதித்து, தேதி, கிணற்றின் ஆழம், யார் பிடித்தார் என்பவற்றோடு ஒட்டிவையுங்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்போதே தொடங்கவேண்டும். சாதியும் மதமும் பாராமல் ஊரார் எல்லாருடைய கிணற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி பிடிக்கும் முறையைக் கற்றுத்தர நமது கிராம சுகாதாரப் பணியாளர் வருவார்.

சோதனைக் கட்டணம் கட்ட இயலாத ஊர்களுக்காக இந்த ஆண்டு ஒரு சிறிய நிதியைத் தொடங்கியிருக்கிறோம். கர்த்தர் உங்களை ஏவினால், காணிக்கை உறையின்மேல் "கிணற்று நீர்" என்று எழுதி அனுப்புங்கள். இதற்கென்று வரும் பணம் வேறு எதற்கும் செலவிடப்படாது. கடைமடைக் கிராமங்களின் கர்ப்பிணித் தாய்மாரையும், பாட்டிலோடு வந்து இன்னும் முழுப் பதில் பெறாமல் திரும்பிய அந்தச் சகோதரிகளையும் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.